ஒரு சாண் டியூபும் ஊர்தி நலப் பேரகமும்

மாட்சிமை பொருந்திய ஊர்தி நலப் பேரகத்தின் நாற்பத்திரண்டு ஆண்டு வரலாற்றில் தலையாயதும், வருங்காலத் தலைமுறைகள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுமான ஏழாயிரத்து நூற்றுப் பதினொன்றாம் சுற்றறிக்கை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அதன் சாரம் வருமாறு: பேரகத்துக்குச் சொந்தமான எந்த வாகனத்திலும் எரிபொருள் கசிவதில்லை. அப்படிக் கசிவதாகச் சொல்லும் அதிகாரம் இரண்டாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலருக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் மட்டுமே உண்டு. ஓட்டுநர் எவரேனும் வண்டிக்கடியில் எதையேனும் காண நேர்ந்தால், ‘ஈரம் தென்படுகிறது, காரணம் தெரியவில்லை’ என்று எழுத்துமூலம் தெரிவிக்கலாம். ‘கசிவு’ என்ற சொல்லையோ, ‘ஒழுகுது’, ‘சொட்டுது’ முதலான கொச்சை வடிவங்களையோ பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். பேரகத்தில் வேகும்.

எல்லா ஓட்டுநர்களும் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்கள். நாப்பதும் போட்டார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் நாப்பதுதான். இருபத்தோரு வருஷமாக அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் வேகமுள் நாற்பதைத் தாண்டியதில்லை. பின்னால் வருகிறவன் ஆரன் அடித்து அடித்துக் களைத்துப்போய், கடைசியில் மனம் திருந்தி, பொறுமைசாலியாகி வீடு போய்ச் சேருவான்.

இப்பேர்ப்பட்ட மனிதரைப் பேரகம் தவறிப்போய்ச் சரியான இடத்தில் போட்டிருந்தது. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஓடும் வேன் அவருடையது. பதினான்கு பிள்ளைகள். பின்னிருக்கையில் துணைக்கு உட்கார்ந்து வரும் உதவியாளர் அவருடைய மனைவியே. பிள்ளைகளுக்கு அவர் மாமா, அவள் அத்தை. நாற்பதுக்குமேல் போகாதது வண்டி மட்டும்தான். அத்தையின் வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சுற்றறிக்கையின் மை காய்வதற்குள், மறுநாள் புதன்கிழமை காலை, பள்ளி வாசலில் வேன் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மாமா, வண்டி ஒண்ணுக்குப் போவுது.”

சொன்னவள் ரேடியோ. ஒன்பது வயது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் மூடாததால் அந்தப் பெயர். கண் தெரியாது; ஆனால் அடுத்த தெருவில் யார் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

“சும்மா இரு பாப்பா.”

“நெஜமா மாமா. பெட்ரோல் நாத்தம். எடது பக்கம், என் காலுக்குக் கீழ. நேத்து கொஞ்சூண்டு வந்துச்சு, இன்னிக்கி நெறைய வருது.”

பிள்ளைகளை இறக்கிப் பள்ளிக்குள் விட்டுவிட்டு நாப்பது மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தார். பெட்ரோல் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் டியூப், ஒரு சாண் நீளம் இருக்கும். அது முன்னால் ஓடும் இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில் எலி பல் பதித்திருந்தது. பழகிப்போன எலி போலிருக்கிறது, நிதானமாகக் கடித்திருந்தது. அங்கிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு. விழுகிற இடத்துக்கும் கொதித்துக்கொண்டிருந்த சைலன்சர் குழாய்க்கும் நடுவே நாலு விரற்கடை.

அத்தை குனிந்து கேட்டாள். “என்னங்க, ஒழுகுதா?”

“ஈரம் தென்படுகிறது” என்றார் நாப்பது.

“என்னது?”

“காரணம் தெரியவில்லை.”

“உள்ள போயி தலைய எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?”

சுற்றறிக்கையை அவர் விளக்கினார். அத்தை இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டு, “முக்குல கடை இருக்கு. டியூபும் ரெண்டு கிளிப்பும் வாங்குனா இருபது நிமிச வேல. நீங்களே மாட்டிருவீங்க. எதுக்கு இந்த ராமாயணம்?” என்றாள்.

அது அவருக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் இன்னொரு ஓட்டுநர், கொட்டுகிற மழையில் வழி தெரியாமல், கழன்று விழுந்த வைப்பரைத் தானே எடுத்து மாட்டிவிட்டார். ‘பேரகச் சொத்தில் தன்னிச்சையாகக் கைவைத்தது’ என்று எட்டு மாதம் பணியிடைநீக்கம். விசாரணையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “மழை நிக்கிற வரைக்கும் காத்திருக்க உங்களுக்கு என்ன அவசரம்?”

ஆகவே நாப்பது, உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும் என்ற நம்பிக்கையோடு, நாற்பதைக்கூடத் தொடாமல் பத்தில் உருட்டிக்கொண்டு, பேரகத்தின் மத்தியப் பணிமனைக்குப் போனார்.

பணிமனை வாசலில் ஆள் உயரப் பலகை: ‘எரிபொருள் கசியும் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’ அதன் நிழலில் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

“வண்டிக்கு என்ன?”

“ஈரம் தென்படுதுங்க.”

“என்ன ஈரம்?”

“பெட்ரோல் ஈரம்.”

“அப்ப உள்ள விட முடியாது. போர்ட படிங்க.”

“உள்ள விட்டாத்தானே சரி பண்ண முடியும்?”

“சரி பண்ணிக்கிட்டு வாங்க. தாராளமா விடறேன்.”

“சரி பண்ணிட்டா நான் எதுக்குங்க உள்ள வரணும்?”

“அதத்தான் பதினஞ்சு வருசமா வர்றவங்க எல்லாருகிட்டயும் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் காவலாளி. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மனம் இரங்கி அவரே வழி சொன்னார். டேங்க்கைக் காலி பண்ணிவிட்டால் அது கசியும் வண்டி ஆகாது, தள்ளிக்கொண்டு போகலாம். பெட்ரோலை இரண்டு கேன்களில் வடித்தார்கள். பாதுகாப்பு கருதி அந்தக் கேன்களைக் காவலாளி தன் பெஞ்சுக்கடியில் வைத்து, அவற்றின்மேல் காலை நீட்டிக்கொண்டு, சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார்.

வண்டியை நாப்பதும் தெருவில் போன ஆறு பேரும் தள்ளி உள்ளே சேர்த்தார்கள்.

பணிமனை பெரியது. வண்டிக்கடியில் இறங்கி வேலை பார்க்கப் பன்னிரண்டு குழிகள். பதினொன்றில் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள், அழகாகத்தான் இருந்தது. மொத்தம் அறுபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அதில் அறுபத்திரண்டு பேர் மேற்பார்வை. மீதி ஒருவர் மெக்கானிக். அந்த வளாகத்திலேயே சட்டையில் எண்ணெய்க் கறை உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பதால், ஒழுங்கீனத்துக்காக அவருக்கு அடிக்கடி குறிப்பாணை வரும். கறை என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

கறை குழியில் இறங்கிப் பார்த்த வேகத்தில் ஏறிவந்தார். “எலி கடிச்சிருக்குண்ணே. பத்து நிமிச வேல. உள்ள ஸ்டோர்ல முன்னூறு மீட்டர் டியூப் சுருள் சுருளா கெடக்கு.”

“அப்ப மாத்திரு தம்பி.”

“மாத்தலாம். டியூப வெளிய எடுக்கறதுக்குக் கசிவுச் சான்று வேணும். நீங்க புகார்ப் பிரிவுக்குப் போங்க. போறதுக்கு முன்னாடி எதாவது சாப்பிட்டுட்டுப் போங்க.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இங்கே வெண்ணெய்க்குப் பூட்டுப் போட்டு, சாவிக்கு விண்ணப்பம் வாங்கினார்கள்.

புகார்ப் பிரிவு எழுத்தர் பதினாறு பக்கப் படிவத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

“சேதம் விளைவித்தவர் பெயர்?”

“எலிங்க.”

“முழுப் பெயர்.”

“எலிக்கு ஏதுங்க முழுப் பெயர்?”

“முகவரி?”

நாப்பது எட்டிப் பார்த்தார், படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

“சரி, விடுங்க. சம்பவம் நடந்தப்ப அந்த எலி வண்டிக்கு வெளிய இருந்துச்சா, வண்டியில இருந்துச்சா?”

“வண்டிக்கடியில தொத்திக்கிட்டு இருந்திருக்கும்.”

“அப்ப வண்டியிலதான் பயணம் பண்ணியிருக்கு.” எழுத்தரின் பேனா வேகம் பிடித்தது. “அனுமதி இல்லாத ஆள ஏத்திக்கிட்டுப் போனதா ஒத்துக்கறீங்க. இங்க ஒரு கையெழுத்து.”

“ஐயா, அது எலி!”

“ஆளா எலியான்னு பிரிச்சுப் பாக்கறது விசாரணை அதிகாரியோட வேல. நம்ம வேல இல்ல. சத்தம் போடாதீங்க, பக்கத்து அறையில யோகா நடக்குது.”

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். வெள்ளி மதியம் மூன்று மணிக்குக் கசிவு உறுதிசெய் குழு கூடியது.

அது நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வேனுக்கடியில் வெள்ளைத் துணி விரித்தார்கள். துணியைச் சுற்றி மூன்று நாற்காலி போட்டார்கள். நடுவில் தலைவர், இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். வலப்புறம் குழுவின் செயலர், கூட்டக் குறிப்பு நோட்டோடு. இடப்புறம் வாசனை ஆய்வு அலுவலர். இவருக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தீராத சளி. தூசிப் பிரிவில் உட்கார முடியவில்லை என்று மருத்துவச் சான்று கொடுத்துத்தான் வாசனைப் பிரிவுக்கு மாற்றல் வாங்கியிருந்தார்.

மூவரும் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம். இருபது நிமிடம். ஐம்பது நிமிடம். ஒரு ஈ வந்து துணியில் உட்கார்ந்தது. செயலர் அதைக் குறித்துக்கொண்டார்.

நாப்பது தொண்டையைச் செருமினார். “ஐயா, டேங்க்குல பெட்ரோல் இல்லீங்க. வாசல்லயே வடிச்சுட்டாங்க. அதான் ஈரம் தென்படல.”

தலைவர் மெல்லத் திரும்பினார். “யார் வடிச்சது?”

“நான்தாங்க. உள்ள விடணும்னா—”

“அப்ப சாட்சியத்த நீங்களே அழிச்சிருக்கீங்க.”

“திரும்ப ஊத்திப் பாத்தா இப்பவே தெரிஞ்சுடும் ஐயா. அஞ்சு நிமிசம்.”

“கசியற வண்டியில பெட்ரோல் ஊத்தச் சொல்றீங்களா? இந்த வளாகத்துக்குள்ளயா? அறுபத்து மூணு குடும்பம் இங்க பொழைக்குது தெரியுமா?”

“அப்ப ஈரம் தென்படும்னு ஒத்துக்கறீங்களா?”

“ஊத்தாம எப்படி ஒத்துக்க முடியும்?”

வாசனை ஆய்வு அலுவலர் அழைக்கப்பட்டார். அவர் டியூபுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் நீளமாக உறிஞ்சினார். அந்தச் சத்தம் மூன்றாவது குழிவரை கேட்டது. “ஒண்ணுமே தெரியல” என்றார். அவர் சர்வீஸில் எந்த வண்டியிலும் எதுவும் தெரிந்ததில்லை. அதனால்தான் பேரகத்தின் பெயர் கெடாமல் இருந்தது.

பிறகு தலைவர் எழுந்து நின்று பேசினார். கேட்பதற்கு நாப்பதையும் கறையையும் தவிர யாருமில்லை. ஆனாலும் ஆயிரம் பேர் இருப்பதுபோல் இடமும் வலமும் பார்த்துப் பேசினார்.

“கசிவுன்னா என்ன? வண்டியில விழற ஓட்டை இல்ல அது. ஓட்டுநருக்கு நிர்வாகத்து மேல இருக்கற நம்பிக்கையில விழற ஓட்டை. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு வண்டிக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்ததில்ல. ஏன்? நம்பிக்கை. முழங்கால் வலியும் உண்டு, அது வேற விஷயம். நான் பொறுப்பேத்த நாள்லேருந்து இங்க ஒரு டியூப்கூட வீணா செலவாகல. முன்னூறு மீட்டர் வாங்கினோம், முன்னூறு மீட்டரும் அப்படியே இருக்கு. ஒரு அடி குறையட்டும், நான் மீசைய எடுத்துடறேன். எனக்கு முன்னாடி இருந்த அதிகாரி, கேட்டவனுக்கெல்லாம் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தாரு. வண்டி ஓடுச்சு, ஒத்துக்கறேன். ஸ்டாக் என்ன ஆச்சு?”

கறை கைதட்டினார். கேலிக்குத்தான். தலைவர் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

ஐந்து மணிக்குள் சான்றிதழ் தயார். ‘இவ்வூர்தியில் கசிவு ஏதும் இல்லையென ஐம்பது நிமிட நேரடி ஆய்வின்பின் சான்றளிக்கப்படுகிறது. ஓராண்டுக்குச் செல்லுபடியாகும்.’ தங்க நிற ஓரம், வட்ட முத்திரை. முன்கண்ணாடியில் ஒட்டினார்கள். நாப்பதுக்கும் ஒரு தாள் கிடைத்தது: பழுதில்லா வண்டியின் நற்பெயருக்குக் களங்கம் கற்பித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

புதிய சுற்றறிக்கைக்குப் பிறகு கசிவில்லாச் சான்றிதழ் பெற்ற முதல் வண்டி என்பதால் அதற்கு இன்னொரு கௌரவமும் தேடி வந்தது. திங்கட்கிழமை தொடங்கும் எரிபொருள் பாதுகாப்பு வாரத்தில் ஊர்வலத்துக்கு அதுதான் தலைமை தாங்கும். பதினான்கு பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியே கொடி அசைப்பார்கள். டேங்க் நிரம்ப எரிபொருள், பேரகத்தின் அன்பளிப்பு.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாப்பது சொல்லச் சொல்ல அவள் மடிக்கும் வேகம் கூடியது. கடைசியில் அவருடைய சட்டை ஒன்று தீப்பெட்டி அளவுக்கு மடிந்தது.

“காயிதத்துல எழுதி ஒட்டிட்டா எலி கடிச்ச எடம் ஆறிடுமா?”

“நான் என்ன பண்ணட்டும்? ஓட்ட மாட்டேன்னா வேல போயிரும். ஓட்டையத் தொட்டாலும் வேல போயிரும்.”

“போனா போவுது. வேற வேல பாக்கலாம். இங்க பாருங்க.” அவள் துணியைக் கீழே வைத்தாள். “அந்தப் புள்ளைங்கள வண்டியிலேருந்து எறக்க எவ்வளவு நேரம் ஆவும்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க முன்னாடியே உக்காந்திருப்பீங்க. நான் தெனமும் எண்ணறேன். ஒவ்வொண்ணாக் கையப் புடிச்சு, படி எங்கன்னு காட்டி, காலத் தரையில வெக்கற வரைக்கும் விடக்கூடாது. பதினாலு பேருக்கு நாலு நிமிசம். நெருப்பு நாலு நிமிசம் காத்திருக்குமா?”

நாப்பது தீப்பெட்டி அளவில் கிடந்த சட்டையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

“வாயத் தொறங்களேன். காத்திருக்குமா?”

“காத்திருக்காது.”

“அப்ப எதுக்கு எங்கிட்ட வந்து புலம்பறீங்க?”

ஞாயிற்றுக்கிழமை அவர் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பி வந்தபோது கால்சட்டையின் ஒரு பை கொஞ்சம் புடைத்திருந்தது. அத்தை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காதது அந்தக் கல்யாணத்திலேயே அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை பணிமனை முன்னால் பந்தல், மேடை, வாத்தியக் குழு. ‘ஒரு சொட்டும் உயிர்ச்சொட்டே’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வேன் மாலையோடு நடுவில் நின்றது. அதன் டேங்க் நிரம்பியிருந்தது. நிரம்பியதால், வண்டிக்கடியில் ஓர் உள்ளங்கை அளவு நிலம் கறுத்து, பிறகு ஒரு தட்டளவு கறுத்தது.

பேரக இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பாதுகாப்பு என்பது மேலிருந்து கீழே வருவது என்றார். அவர் பேசுவதற்கு நடுவில் மூச்சு வாங்கிய இடத்தில், நடைபாதையில் வரிசையாக நின்ற பிள்ளைகளிடமிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது.

“மாமா, மறுபடியும் ஒண்ணுக்குப் போவுது!”

கூட்டம் சிரித்தது. வாத்தியக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் சிரித்தபடியே, “பிள்ளைகளை ஏற்றுங்கள்” என்றார்.

அத்தை போய் வேனின் படியில் ஏறி, இரண்டு கைகளாலும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளைங்க ஏறும். மொதல்ல சர்ட்டிபிகேட் குடுத்தவங்க மூணு பேரும் ஏறட்டும்.”

“யாரும்மா நீங்க?”

“இந்த வண்டியில தெனமும் உக்காந்து போறவ. எடம் நெறைய இருக்கு, வாங்க. பின்னாடி எடது பக்கம் நல்லா காத்து வரும். சைலன்சருக்கு நேர் மேல.”

இயக்குநர் குழுத் தலைவரைப் பார்த்தார். ஊரே குழுத் தலைவரைப் பார்த்தது. தலைவர் இரண்டடி வந்தார், அந்த ஈரத்தைப் பார்த்தார், நின்றார்.

“சான்றிதழ் வண்டிக்குத்தான் குடுத்தது. அதுல நான் உக்காருவேன்னு எங்கயும் எழுதல” என்றார். “தவிரவும் எனக்கு முழங்கால்.”

“மூக்கு சார் வாங்க” என்றாள் அத்தை.

வாசனை ஆய்வு அலுவலர் கைக்குட்டையை எடுத்தார். “சளி இருக்கறவங்க மூடின வண்டியில போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதோட, இந்த நாத்தம் எனக்கு ஒத்துக்காது.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

செயலர் கூப்பிடாமலே பதில் சொன்னார். “நான் ஏறுவேன். எனக்கொண்ணும் பயமில்ல. ஆனா கூட்டக் குறிப்பு எழுத யாராவது ஒருத்தர் உயிரோட வெளிய இருக்கணும்ல?”

இயக்குநர் தம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். பிறகு மேடையின் கோடிக்குப் போனார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், அங்கிருந்து, “குழுவின் நேர்மையில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது! பிள்ளைகளை ஏற்றுங்கள்!” என்று கத்தினார்.

நாப்பது கால்சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு சாண் புது ரப்பர் டியூப், இரண்டு கிளிப். சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, மாலையும் மரியாதையுமாக நின்ற வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தார். கறை ஓடிவந்து திருப்புளியோடு கூடவே படுத்தார்.

“அண்ணே, வேல போயிரும்.”

“டியூபப் புடி. மூஞ்சில ஒழுகுது.”

ஆறு நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கிளிப்பை இறுக்கும்போது இன்னொரு தரம் சொன்னார். “நல்லா ஒழுகுது தம்பி. சொட்டுது. கசியுது.”

மேலே வாத்தியக் குழுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லாததால் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பதினோரு நிமிடம். நாப்பது வெளியே வந்து, ஈரத்தைத் துடைத்து, மண் அள்ளிப் போட்டார். சொட்டவில்லை. ரேடியோ வந்து, குனிந்து, மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்துவிட்டு, “இப்ப மாமா வேர்வை நாத்தம் மட்டுந்தான்” என்று சான்றளித்தாள். அதற்கு முத்திரை எதுவும் கிடையாது. அத்தை கதவிலிருந்து கையை எடுத்தாள்.

பிள்ளைகள் ஏறினார்கள். ஊர்வலம் நாற்பதில் போனது.

சாயங்காலமே நாப்பதுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, பேரகச் சொத்தில் கைவைத்தது. இரண்டு, தடைசெய்யப்பட்ட சொல்லை ஒரே மூச்சில் மூன்று வடிவங்களில் உச்சரித்தது. மூன்றாவதுதான் கனமானது: கசிவே இல்லாத வண்டியில் கசிவை நிறுத்தியது. அத்தையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கறையைத் தட்டச்சுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவர் சட்டை சுத்தமாக இருப்பதாகக் கேள்வி.

விசாரணையில் பேரகம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. சான்றிதழ் வழங்கப்பட்டது பழைய டியூபுக்கு. புது டியூப் சான்றில்லாதது. சான்றில்லாத பாகத்தோடு பார்வையற்ற பிள்ளைகளை ஏற்றிச் செல்வது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது; அப்படி ஒரு பொறுப்பற்ற செயலைப் பேரகம் ஒருபோதும் அனுமதிக்காது. ஆகவே புது டியூபைக் கழற்றி உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். குப்பைத் தொட்டிகளில் நான்கு பேர் இரண்டு நாள் தேடிப் பழைய டியூபைக் கண்டெடுத்தார்கள். துடைத்தார்கள். தலைவர் முன்னிலையில், எலி கடித்த பக்கம் வெளியே தெரியாதபடி திருப்பி, அதையே மாட்டினார்கள். கறை இல்லாததால் அந்த வேலை மூன்றரை நாள் பிடித்தது.

அடுத்த வாரத்திலிருந்து புது ஓட்டுநர் வருகிறார். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, கதவைச் சாத்தாமல், ஒரு காலை வெளியே தொங்கப்போட்டபடி ஓட்டுகிறார். தினமும் ஏழரைக்கு வேன் தெருமுனையில் வந்து நிற்கும், விதிப்படி மூன்று நிமிடம் காத்திருக்கும், போய்விடும். மாலையிலும் அப்படியே.

பேரகத்தின் ஆண்டறிக்கை வெளிவந்துவிட்டது. வழவழப்பான தாள். அட்டையில் மாலை போட்ட வேனின் படம். கசிவுகள்: பூஜ்யம். விபத்துகள்: பூஜ்யம். கையிருப்பில் டியூப்: முன்னூறு மீட்டர். பள்ளி வேனால் தினசரிப் பயன்பெறுவோர்: பதினான்கு பேர். குழுத் தலைவருக்குப் பதவி உயர்வு.

பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.